செம்பு போதும், வெள்ளி வேண்டாம்

வீட்டில் ஒலி – 9

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அது முடிந்ததும் எல்லோரும் கேட்பது வயரைப் பற்றித்தான். மீட்டர் சில பத்து ரூபாய்க்கும் ஸ்பீக்கர் வயர் கிடைக்கிறது. ஒரு ஜோடியே லட்சத்தைத் தாண்டும் வயரும் விற்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

சென்னை ஃப்ளாட்டின் பதினைந்து அடி ஹாலில் உட்கார்ந்து விடை தேடினால் பாதி விஷயம் கண்ணில் படாது. காரைக்குடிப் பக்கம் நேமத்தான்பட்டி போன்ற நகரத்தார் ஊருக்குப் போக வேண்டும். தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று பங்காளிகள் கூடும் நாளில் ஆம்ப்ளிஃபயர் முகப்பில் இருக்கும். இரண்டாம் கட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கும் நாதஸ்வரம் கேட்க வேண்டும். தூணுக்குத் தூண் கட்டி இழுத்தால் வயர் 25 மீட்டர் தாராளமாக ஆகிவிடும்.

எலக்ட்ரிக்கல் கடையில் 23/76, 40/76, 70/76 என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. 76 என்பது ஒவ்வோர் இழையின் விட்டம், அங்குலத்தில் 0.0076. 23/76 வயரின் செம்பு சுமார் 0.67 சதுர மில்லிமீட்டர். மின்சாரம் போகவும் வரவும் வேண்டும் என்பதால் 25 மீட்டர் தூரத்துக்குக் கணக்கு 50 மீட்டர். அவ்வளவு நீளத்தில் அந்த வயரின் தடை ஏறத்தாழ 1.3 ஓம். முனையில் 4 ஓம் ஸ்பீக்கர் இருந்தால், அதற்குப் போக வேண்டிய சக்தியில் கால்வாசி வயரிலேயே சூடாகிப் போகிறது. சத்தம் குறைவது மட்டும் நஷ்டமில்லை. ஸ்பீக்கரின் தடை சுருதிக்குச் சுருதி மாறும் என்பதால் சில சுரங்கள் அதிகமாகவும் சில குறைவாகவும் அடிபடும். தவிலின் தொப்பிப் பக்கம் இறுக்கம் இழந்து கொழகொழக்கும். இதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் தடை 0.35 ஓம் அளவில் நின்றுவிடும். 8 ஓம் ஸ்பீக்கரானால் இழப்பு ஐந்து சதவீதத்துக்கும் கீழே. காது அதைக் கண்டுகொள்ளாது.

ஃப்ளாட்டில் மூன்று மீட்டர் தூரத்துக்கு அந்த மெல்லிய 23/76-ஏ போதும். 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு இரண்டு சதவீதம்கூட வராது.

நம் ஊர் மைக்செட்காரர்கள் இந்தக் கணக்கைப் பல வருஷங்களுக்கு முன்பே வேறு வழியில் ஜெயித்துவிட்டார்கள். கோயில் திருவிழாவுக்குத் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, மெல்லிய வயரை மரத்துக்கு மரம் இழுத்துக்கொண்டு போவார்கள். கடைசிக் குழாயிலும் பாட்டு கணீரென்று வரும். காரணம், 100 வோல்ட் லைன். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் அனுப்ப ஒரு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதையே 100 வோல்ட்டில் அனுப்பினால் 0.1 ஆம்பியர் போதும். குழாயோடு இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அங்கே மாற்றிக்கொள்ளும். கரண்ட் பத்தில் ஒன்றானால் வயரில் வீணாவது நூறில் ஒன்று. விலை உயர்ந்த எந்த வயரும் தர முடியாத லாபம் இது. மின்சார வாரியம் உயர் அழுத்தக் கம்பியில் கரண்டைக் கொண்டுவருவதும் இதே கணக்கில்தான்.

அப்படியானால் லட்ச ரூபாய் வயர்? 1983-ல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ் எந்த வயர் ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைத்துச் சோதித்தது. பாட்டு ஒலித்தபோது, தடிமனான விலை கூடிய வயரையும் சாதாரண வயரையும் கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2007-ல் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள ஒரு ஜோடி வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் மட்டும் பிரித்துக் காட்டினால் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பரிசு யாருக்கும் போகவில்லை.

பவர் கேபிளுக்குப் பணம் கொட்டுவது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீட்டு மீட்டர் வரை பெரும்பாலும் அலுமினியக் கம்பியில் வரும் கரண்ட், கடைசி ஒரு மீட்டரில் வெள்ளி வயரில் ஓடுவதால் மாறிவிடாது. எச்.டி.எம்.ஐ. கேபிளும் அப்படியே. சிக்னல் முழுதாக வரும், அல்லது விட்டு விட்டு வரும்; நடுவில் இனிமை கூடுவதற்கு வழியில்லை.

பணத்தையும் கவனத்தையும் செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, செம்புதானா என்று பார்ப்பது. அலுமினிய இழைக்குச் செம்பு முலாம் பூசிய வயர் கடைகளில் நிறையப் புழங்குகிறது. தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும். முனையைச் சீவி ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அது மோசடிச் சரக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அதே வேலைக்குச் சுமார் ஒன்றரை மடங்கு குறுக்குப் பரப்பு (சதுர மில்லிமீட்டர்) வேண்டும்.

இரண்டாவது, இணைப்பு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆராய்ச்சித் துறை. அந்தத் துறை ஆராயும் அதே அரிப்புதான் உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கத்திலும் நடக்கிறது. வருஷக்கணக்கில் கழற்றாத முனையில் செம்பு கறுத்துக் களிம்பேறியிருக்கும். ஒரு பக்கம் கரகரக்கும் அல்லது அடிக்கடி நின்றுபோகும். அரை அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி, இழைகளை முறுக்கி, திருகை இறுக்குங்கள். செலவு எதுவும் இல்லை.

மூன்றாவது, ஹம். டி.வி. வளவில் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் முகப்பில் வேறொரு பிளக்கில் இருந்து, இரண்டையும் ஆடியோ கேபிளால் இணைத்தால் 'ம்ம்ம்' என்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரலாம். இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையிலுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசத்தால் கேபிளின் வெளிவலை வழியே கரண்ட் ஓடுகிறது. கேபிளை மாற்றினால் பெரும்பாலும் போகாது. இரண்டையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். அது முடியாத தூரமானால் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சத்தம் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஒரு வயர் பாடியைத் தொட்டால், தொடுகிறவர் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிளக் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடியதும் மாற்றிவிடுங்கள்.