இசைப்பாடலுக்குப் பொருள்கொள்ளும் நெறி: காவடிச்சிந்தும் சுயாதீன இசைப்பாடலும்

ஆய்வுச் சுருக்கம்

இசையோடு பாடப்படும் ஒரு பாடலை அச்சில் வைத்துப் படிக்கும்போது அதன் பொருளில் ஒரு பகுதி விடுபட்டுப் போகிறது. விடுபடும் அப்பகுதியை மீட்பதற்குரிய கருவிகள் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே உள்ளன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கூற்று, கேட்போர், களன், முன்னம், எச்சம், வண்ணம் ஆகிய உறுப்புகளைக் கொண்டு தென்காசி வட்டாரத்தில் தோன்றிய குற்றாலக் குறவஞ்சி, காவடிச்சிந்து ஆகியவற்றையும், 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்னும் சுயாதீன இசைப்பாடலையும் இது ஒப்புநோக்குகிறது.

திறவுச்சொற்கள்: இசைப்பாடல், சுயாதீன இசை, செய்யுளியல், கூற்று, கேட்போர், களன், காவடிச்சிந்து.

முன்னுரை

பெரிய இசை நிறுவனங்களையும் திரைப்படத்தையும் சாராமல் கலைஞர்கள் தாமே எழுதி, இசையமைத்து, பாடி வெளியிடும் பாடல்களைச் 'சுயாதீன இசை' என்று இன்று வழங்குகின்றனர். மேலைநாடுகளில் 1980களில் சிறு இசைத்தட்டு நிறுவனங்களைச் சார்ந்து வளர்ந்த 'இண்டி ராக்' இசை இவ்வகைக்கு ஒரு முன்னோடி. தமிழில் இப்போக்கு கடந்த சில ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளது. 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானா, ராப், ராக் ஆகியவற்றை ஒருங்கிணைத்துச் சாதி எதிர்ப்புப் பாடல்களை மேடையேற்றியது. அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெறப்பட்டது.

இத்தகைய பாடல்கள் தமிழ்த்துறை ஆய்வுகளுக்கும் பொருளாகி வருகின்றன. ஆயின் அவற்றை அணுகும் முறையில் இரண்டு குறைகள் நேரக்கூடும். ஒன்று, பாடல்வரிகளைத் தாளில் எழுதி, புதுக்கவிதையைப் போல உவமை, படிமம், குறியீடு என வகைப்படுத்துதல். மற்றொன்று, பாடலாசிரியர் நேர்காணலில் கூறிய விளக்கத்தையே பாடலின் முடிந்த பொருளாக ஏற்றல். முதல் முறையில் இசை மறைகிறது. இரண்டாம் முறையில் பாடலே மறைகிறது.

2016ஆம் ஆண்டு பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பாடல்வரி இலக்கியமாகுமா என்ற வினா உலகெங்கும் எழுந்தது. இயல், இசை, நாடகம் என மூன்றையும் ஒருங்கே தமிழ் எனக் கொண்ட மரபுக்கு அவ்வினா புதிதன்று. அம்மரபு தன் இசைப்பாடல்களை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

செய்யுளியல் தரும் கருவிகள்

தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளுக்கு முப்பத்துநான்கு உறுப்புகளைக் கூறுகிறார். எழுத்து, அசை, சீர், அடி, தொடை முதலிய வடிவ உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் முதலியனவும் அப்பட்டியலில் ஒருங்கே இடம்பெறுகின்றன. யார் கூறுகிறார், யாரிடம் கூறுகிறார், எந்த இடத்தில் கூறுகிறார் என்பவை செய்யுளுக்குப் புறத்தே நிற்கும் சூழல் செய்திகளாக அவருக்குத் தோன்றவில்லை. சீரும் அடியும் எவ்வாறு உறுப்போ அவ்வாறே இவையும் உறுப்பு.

இவற்றுள் முன்னம் என்பது, இவ்விடத்தில் இச்சொல்லை இவர் இவர்க்குக் கூறுதல் பொருந்தும் என்று கேட்பவர் உய்த்துணருமாறு செய்யுள் அமைவது. எச்சம் என்பது, வெளிப்படக் கூறாது விடப்பட்டது சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறுவது. வண்ணம் என்பது ஓசை வேறுபாடு. அதனை இருபது வகையாக அவர் பகுக்கிறார். இவ்வுறுப்புகள் சங்க அகப்பாடல்களின் ஆய்வில் பெரிதும் பயன்பட்டுள்ளன. பிற்கால இசைப்பாடல்களுக்கு அவற்றைப் பொருத்திப் பார்த்தல் அருகியே காணப்படுகிறது.

செய்யுளும் பாட்டும்: குற்றாலக் குறவஞ்சி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே அமைந்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். இந்நூலின் அமைப்பு இசைப்பாடலின் இயல்பை ஆராய்வோருக்கு ஓர் ஆய்வுக்களமாகவே விளங்குகிறது. இதில் ஒரு நிகழ்ச்சியை முதலில் விருத்தம் முதலான செய்யுள் ஒன்று அறிவிக்கிறது. அதையே அடுத்து இராகமும் தாளமும் குறிக்கப்பட்ட கீர்த்தனையோ கண்ணிகளோ விரித்துப் பாடுகின்றன.

செய்தி மட்டுமே நோக்கமாயின் விருத்தமே போதுமானது. வசந்தவல்லி பந்தாடுகிறாள் என்பதைச் செய்யுள் அறிவித்துவிட்ட பின்னரும் பாட்டு தொடர்வதற்குக் காரணம் யாது? பந்து எழுந்து விழும் இயக்கத்தைப் பாட்டின் சந்தம் தானே நிகழ்த்திக் காட்டுகிறது. விருத்தம் நிகழ்ச்சியைச் சொல்ல, பாட்டு அதனைச் செய்கிறது. எனவே, சந்தத்தை நீக்கிவிட்டு அப்பாட்டின் சொற்பொருளை மட்டும் உரைநடையில் எழுதினால், முன்னே விருத்தம் கூறியதற்கு மேல் எஞ்சுவது மிகச் சிறிதே. வண்ணம் பொருளுக்கு அணியாக நில்லாமல் பொருளின் பகுதியாகவே நிற்பதற்கு இது தெளிவான சான்று.

நடையின் பாட்டு: காவடிச்சிந்து

தென்காசி - திருநெல்வேலிச் சாலையில் அமைந்த பாவூர்சத்திரம், வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தைத் தன் பெயரிலேயே கொண்ட ஊர். அதற்கு வடக்கே, சுரண்டையை அடுத்து வீரகேரளம்புதூர் உள்ளது. ஊற்றுமலை சமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் இருப்பிடமாக விளங்கியது இவ்வூர். அவரது அவையில் புலவராக இருந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஆதரித்த ஊரை 'வீரை' எனச் சுட்டி, அதன்மீது தலபுராணமும் இவர் பாடியுள்ளார். இளமையிலேயே மறைந்த இவரது புகழுக்குக் காரணமாக நிற்பது காவடிச்சிந்து. மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடையில் பாடுவதற்காக இயற்றப்பட்டவை இப்பாடல்கள் என்பது மரபுவழிச் செய்தி.

கழுகுமலையின் வளம், திருக்கோயிலின் சிறப்பு, முருகன் புகழ் ஆகியவற்றோடு தலைவி இரங்கல், தோழியை நோக்கிய கூற்று முதலிய அகத்துறைப் பாடல்களும் காவடிச்சிந்தில் உள்ளன. வழிபாட்டுப் பயணத்தில் காதற்பாடல் இடம்பெறுவது ஏன் என்ற வினாவுக்கு, நாயக நாயகி பாவம் என்ற விடையை எளிதில் கூறிவிடலாம். அது பிழையன்று, எனினும் நிறைவான விடையும் அன்று. பக்திப் பாடல் எதற்கும் அவ்விடை பொருந்துமாதலின், காவடிச்சிந்தின் தனித்தன்மையை அது விளக்குவதில்லை.

களனை உறுப்பாகக் கொள்ளும்போது விளக்கம் கூர்மை பெறுகிறது. இப்பாடல்களுக்குரிய களன் சாலை. பாடுபவர் தோளில் சுமையோடு நடப்பவர். காண விழையும் தெய்வம் இன்னும் கண்ணுக்குத் தென்படாத தொலைவில் இருக்கிறது. அகத்துறைத் தலைவிக்கும் தலைவனுக்கும் இடையே உள்ள பிரிவு, காவடி எடுப்பவருக்கும் கழுகுமலைக்கும் இடையே உள்ள தொலைவோடு ஒன்றுபடுகிறது. நூலில் கூற்று தலைவியுடையது; வழியில் அக்கூற்றைத் தன் வாயால் பாடுபவர் காவடியாளர். எழுதப்பட்ட 'நான்' பாடப்படும்போது வேறொருவருடைய 'நான்' ஆகிறது. தலைவியின் ஏக்கத்தைப் பாடுபவர் தம் நடையின் ஏக்கத்தைப் பாடிவிடுகிறார்.

வண்ணமும் இக்களனுக்கு இசையவே அமைந்துள்ளது. சிந்துப்பாக்களின் யாப்பை இலக்கணமாக வகுத்த இரா. திருமுருகனின் 'சிந்துப் பாவியல்' தாளத்தை அடிப்படையாகக் கொண்டே சிந்தின் அமைப்பை விளக்குகிறது. தாளத்திற்கேற்பக் குறிலும் நீண்டொலிக்கும் சிந்தில், அச்சில் ஒரே அளவாகத் தோன்றும் எழுத்துகள் பாடும்போது வேறுவேறு அளவு பெறுகின்றன. காவடிச்சிந்தில் இயைபுத் தொடைகள் நெருங்கி வருவதை 'சொல்லடுக்கு' என்று மட்டும் குறிப்பது போதாது. நடந்துகொண்டே பாடுபவர் அடுத்து அடியெடுத்து வைக்க வேண்டிய இடத்தை அவ்வியைபுகள் உணர்த்துகின்றன.

'சாமி' என்னும் விளி: 'என்ஜாய் எஞ்சாமி'

காவடிச்சிந்தில் விளிக்கப்படுபவர் யார் என்பதில் ஐயமில்லை. விளிக்கப்படுபவரே ஐயத்துக்குரியவராகும்போது பொருள் எவ்வாறு அமைகிறது என்பதை ஒரு தற்காலப் பாடலில் காணலாம். பாடலாசிரியரும் பாடகருமான அறிவும் பாடகி தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி', சந்தோஷ் நாராயணனின் இசைத் தயாரிப்பில் 2021 மார்ச் மாதம் 'மாஜா' தளத்தின் வழியாக வெளிவந்தது. மண்ணையும் முன்னோரையும் உயிரினங்களையும் பாடும் இப்பாடலில் ஒப்பாரியின் கூறுகளும் ராப் நடையும் கலந்துள்ளன. துள்ளலான இசையால் இது பல நாடுகளில் கொண்டாட்டப் பாடலாகவே கேட்கப்பட்டது.

தலைப்பிலுள்ள 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம். தமிழ்ச் சிற்றூர்களில் இவ்விளிக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு வழக்குகள் உண்டு. பாட்டி பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது கூறும் 'என் சாமி' அன்பின் விளி. நிலமற்ற உழைப்பாளி நில உடைமையாளர் முன் நின்று கூற நேர்ந்த 'சாமி' அடங்கி நடத்தலின் விளி. சொல் ஒன்றே; கேட்போர் மாறும்போது பொருள் தலைகீழாகிறது. இப்பாடல் அவ்விளியை முன்னதன் குரலில் பாடுகிறது. பின்னதன் நினைவும் அதனோடு ஒட்டியே ஒலிக்கிறது. ஆண்டைக்குரியதாக்கப்பட்ட சொல்லைப் பேரப்பிள்ளைக்கு மீட்டுத் தருவதே இப்பாடலின் மையச் செயல் எனலாம். 'என்ஜாய்' என்ற ஆங்கிலச் சொல்லோடு அது மோனை கொண்டு நிற்பதால் இம்மீட்பு வாழ்த்தாகவும் மாறுகிறது.

களனும் இங்கு இன்றியமையாதது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்பதை அவரே பொதுவெளியில் கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பாளர் அத்தோட்டத்தில் உரிமையின்றி வெளியேறிய வரலாறு இது. மரங்களை நட்டவர், தோட்டம் செழித்த பின்னும் தம் தொண்டை வறண்டிருப்பதைக் கூறும் பகுதி பாடலில் வருகிறது. இவ்வரலாற்றைக் களனாகக் கொள்ளாதவர்க்கு அது சூழலியல் வருத்தமாகத் தோன்றும். கொள்வோர்க்கு அது நிலவுரிமை வழக்கு. நட்டவருக்கு நிலம் ஏன் உரிமையாகவில்லை என்ற வினா பாடலில் வெளிப்படையாகக் கேட்கப்படவில்லை. அது எச்சமாக நின்று குறிப்பால் நிறைவு பெறுகிறது.

கூற்று மாறும்போது

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டைப்படத்தில் அறிவு இடம்பெறாமை விவாதத்துக்கு உள்ளானது. 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி இப்பாடல் மேடையேறியபோது விவாதம் மீண்டும் எழுந்தது. பாடலின் ஆக்கத்தில் எவர் பங்கு எவ்வளவு என்பதில் தொடர்புடையோரிடையே வேறுபட்ட கூற்றுகள் வெளிவந்தன. அதனைத் தீர்ப்பது இலக்கிய ஆய்வின் பணியன்று.

ஆயினும் அவ்விவாதம் கூற்று என்னும் உறுப்பின் வலிமையைக் காட்டுகிறது. காவடிச்சிந்தின் 'நான்' எவரும் ஏற்றுப் பாடுதற்கென்றே திறந்து வைக்கப்பட்டது. பாடுபவர் மாறுவது அப்பாடலின் நோக்கத்தையே நிறைவேற்றுகிறது. 'என்ஜாய் எஞ்சாமி'யின் 'நான்' ஒரு குடிவழியின் நினைவைச் சான்றாகக் கூறும் குரல். பாடுபவர் மாறினால் சொற்கள் மாறுவதில்லை. சான்றுரை என்ற நிலை மாறிவிடுகிறது. பிறர் பாடக்கூடாது என்பது இதன் பொருளன்று. பிறர் பாடும்போது அது சான்றுரைக்குத் துணைக்குரலாகிறது என்பதை ஆய்வாளர் பிரித்தறிய வேண்டும் என்பதே கருத்து.

நெறியின் எல்லை

இந்நெறி எல்லாப் பாடல்களுக்கும் ஒரே அளவில் பயன்படாது. ஆர்.இ.எம். என்ற அமெரிக்க இசைக்குழுவின் முதல் முழுநீளத் தொகுப்பான 'மர்மர்' (1983) தெளிவின்றி ஒலிக்கும் சொற்களுக்காகவே அறியப்பட்டது. அத்தகைய பாடல்களில் கூறுபவரையும் கேட்போரையும் வரையறுக்க முயல்வது வலிந்து பொருள்கொள்வதாகவே முடியும். அங்கு வண்ணமும் மெய்ப்பாடும் மட்டுமே துணைநிற்கும். தாலாட்டிலும் ஏற்றப்பாட்டிலும் வரும் பொருளற்ற அசைகளைக் கேட்டுப் பழகிய தமிழ் மரபுக்கு இது வியப்பளிப்பதன்று.

பாடலாசிரியரின் விளக்கத்திற்கும் எல்லை உண்டு. அது கூற்றையும் களனையும் அறிவதற்குரிய சான்றுகளுள் ஒன்று. பாடலின் ஒலியும் சொல்லும் அதற்கு உடன்படுகின்றனவா என்று நோக்கிய பின்னரே அதனை ஏற்றல் தகும்.

முடிவுரை

இசைப்பாடலின் பொருள், சொல்லில் தொடங்கிக் குரலிலும் களனிலும் கேட்போரிடத்தும் நிறைவு பெறுகிறது. குற்றாலக் குறவஞ்சி வண்ணம் பொருளாவதையும், காவடிச்சிந்து களன் பொருளாவதையும், 'என்ஜாய் எஞ்சாமி' கேட்போரும் கூற்றும் பொருளாவதையும் காட்டுகின்றன. ஆகவே, சுயாதீன இசைப்பாடலை ஆராய்வோர் வரிகளை எடுத்தெழுதுவதோடு அமையாது, பாடும் குரல், பாடப்பெற்ற இடம், விளிக்கப்படுபவர், ஓசை நீளும் இடங்கள் ஆகியவற்றையும் தரவாகப் பதிவுசெய்தல் வேண்டும். காவடிச்சிந்து முதலிய பழம்பாடல்களைக் கற்பிக்கும் வகுப்பறைகளிலும் ஒருமுறையேனும் அவை பாடிக் கேட்கப்படுதல் வேண்டும். நடப்பதற்காக எழுதப்பட்ட பாட்டை அமர்ந்து படிக்கும் மாணவர், அதில் எதை இழக்கிறோம் என்பதையேனும் அதனால் அறிவர்.