செரினுக்குப் பக்கத்தில் யார்?

வாணியம்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குரோமியம் உடம்புக்குள் போனால் செல்லுக்குத் தெரியுமா?"

குரோமியம் தெரியாது, அது செய்த சேதம் தெரியும். தோல் பதனிடப் பயன்படும் மூன்று இணைதிறன் குரோமியம் செல்லுக்குள் எளிதில் நுழையாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் இருக்கும் ஆறு இணைதிறன் வகையோ சல்பேட்டின் உருவத்தில் இருப்பதால், சல்பேட்டுக்கான வாசலிலேயே புகுந்துவிடும். உள்ளே மூன்றாக மாறி டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏ படியெடுக்கப்படும்போது இரட்டை இழையே அறுந்துபோகலாம்.

அப்போது ஏடிஎம் என்ற கைனேஸ் (பாஸ்பேட் பொருத்தும் நொதி) விழித்து, அருகில் டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்2ஏஎக்ஸ் என்ற ஹிஸ்டோன் புரதத்தின் 139-வது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட்டைப் பொருத்துகிறது. அந்தப் புரதத்தில் செரின்கள் பல இருக்க, இதை எப்படிக் கண்டுகொள்கிறது?

ஆம்பூரில் கதவு எண் தெரியாமல் வீடு தேடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். "வாசலில் நின்றால் வலப்பக்கம் தையல் கடை" என்பதுதான் அடையாளம். கடை இடப்பக்கம் இருந்தாலோ, ஒரு வீடு தள்ளி இருந்தாலோ, அவர் கதவைத் தட்டமாட்டார். ஏடிஎம்முக்குத் தையல் கடை குளுட்டமின் என்ற அமினோ அமிலம். செரினை அடுத்து அது வந்தால்தான் கைனேஸின் குழியில் அழகாகப் பொருந்தி, செரினைப் பாஸ்பேட்டுக்கு நேராக நிறுத்தும். ஆனால் தையல் கடை எல்லாத் தெருவிலும் உண்டே! சரியான தெருவுக்கு அழைத்துவர ஆள் வேண்டும். அறுந்த முனையைப் பிடித்துக்கொள்ளும் எம்ஆர்என் என்ற புரதக் கூட்டணி அந்த ஆள். இந்த இரட்டைச் சோதனைதான் என்னை வியக்கவைக்கிறது. சில நிமிடங்களில் அறுந்த இடத்தின் இருபுறமும் ஆயிரக்கணக்கான ஹிஸ்டோன்கள் பாஸ்பேட் கொடி ஏந்திவிடும். பழுதுபார்க்கும் புரதங்கள் அங்கே திரளும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: பாஸ்பேட்டால் புரதத்தை முடுக்கும் வித்தையை 1950-களில் கண்டறிந்த எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992-ல் நோபல் பெற்றார்கள். ஹிஸ்டோன் கொடி 1998-ல் தெரியவந்தது. இவ்வளவு போதும்.

செரின்-குளுட்டமின் ஜோடியை மட்டும் தேடி, ஏடிஎம்மின் இலக்குகள் என்று கணினி தரும் நீண்ட பட்டியல்களை நம்பாதீர்கள். பல புரதங்களில் அது தற்செயலாகவே அமைந்திருக்கும். "ரத்தத்தில் கொடியைப் பார்த்துக் குரோமியத்தைக் கண்டுபிடிக்கிறோம்" என்று யாராவது சோதனை விற்றாலும் வாங்காதீர்கள். எக்ஸ்ரே கதிரும் அதே கொடியை ஏற்றும். கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதியுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் குரோமியம் போகாது.