கட்-அவுட்: காற்றாலை கற்பிக்கும் ஆங்கிலம்

'கட்-அவுட்' என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் நம் நினைவுக்கு வருவது திரையரங்க வாசலில் ஓங்கி நிற்கும் நடிகரின் உருவம். அல்லது மாநாட்டுப் பந்தலுக்கு முன் நிறுத்தப்படும் தலைவரின் உருவம். கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழியிலும், அதை அடுத்துள்ள முப்பந்தலிலும் காற்றாலைகளைப் பராமரிக்கும் பணியாளருக்கு அதே சொல்லின் பொருள் வேறு. காற்று அளவுக்கு மீறி வீசும்போது, எந்த வேகத்தில் எந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறதோ அந்த வேகமே அவருக்குக் 'கட்-அவுட்'.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று குவிந்து பாய்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளுள் ஒன்று இங்கே உருவானதற்கு இதுவே காரணம். பொதுவாக, காற்று விநாடிக்கு மூன்று அல்லது நான்கு மீட்டர் வேகத்தை எட்டும்போது காற்றாலை மின்னுற்பத்தியைத் தொடங்கும். அது 'கட்-இன்' வேகம். விநாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டரை, அதாவது மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் எந்திரம் நின்றுவிடும்; அது 'கட்-அவுட்' வேகம். 'கட்' என்றால் வெட்டு, 'இன்' என்றால் உள்ளே, 'அவுட்' என்றால் வெளியே. இம்மூன்றையும் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் தொடங்குதலும் நிற்றலும் அவற்றில் கிடைப்பதில்லை.

இப்படி ஓர் எளிய வினைச்சொல்லோடு ஒன்றிரண்டு சிறுசொற்கள் சேர்ந்து, இரண்டிலும் இல்லாத புதுப்பொருளைத் தரும் அமைப்பைத்தான் ஆங்கில இலக்கணம் 'ஃபிரேசல் வெர்ப்' என்கிறது. தமிழில் இதைத் தொடர்வினை எனலாம். 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழியினருக்குப் பெரும் தொல்லை தருவது இந்த அமைப்பே என்று அதன் முன்னுரையில் குறிப்பிட்டார். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரோ 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலின் வழியாகவே பரவியது. பெயர் வருவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே தொல்லை உணரப்பட்டுவிட்டது.

நமக்கு இந்தத் தொல்லை சற்றுக் கூடுதல். நாஞ்சில் நாட்டில் ஆங்கிலக் கல்விக்கு இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. ஆயினும், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் ஆங்கிலம் பெரும்பாலும் புத்தகத்தின் வழியாகவும் அலுவலகக் கோப்பின் வழியாகவுமே வந்தது. ஆகவே 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்விஷ்', 'டாலரேட்' போன்ற, லத்தீனில் வேர்கொண்ட நெடுஞ்சொற்கள் நமக்குப் பழக்கமாயின. ஆங்கிலேயர் தம் வீட்டில் அதே பொருள்களுக்கு வழங்கும் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' ஆகியன அந்நியமாகவே நின்றன. தெரியாத பெரிய சொல்லைக் கண்டால் நாம் அகராதியைத் திறக்கிறோம். 'புட்' போன்ற சொல்லுக்கு யாரும் அகராதியைத் திறப்பதில்லை. தெரியும் என்று நினைத்துக் கடந்துபோகும் இடத்தில்தான் சறுக்கல் நேர்கிறது.

இந்தச் சறுக்கல் சில இடங்களில் உயிரோடு தொடர்புடையது. 'லாக்' என்ற ஒரே வினையைப் பார்ப்போம். 'லாக்-அப்' என்றால் காவல் நிலையச் சிறை. 'லாக்-டவுன்' என்றால் 2020-இல் நாம் அனைவரும் அனுபவித்த பொதுமுடக்கம். 'லாக்-அவுட்' என்றால், 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இடம்பெற்ற கதவடைப்பு. எந்திரப் பராமரிப்பில் இதே 'லாக் அவுட்' முற்றிலும் வேறு. பழுதுபார்ப்பவர் மின் இணைப்பைத் துண்டித்து, துண்டித்த இடத்தைப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இயக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அட்டையையும் அங்கே தொங்கவிட வேண்டும். 'ஸ்விட்ச் ஆஃப்' செய்ததை யார் வேண்டுமானாலும் மீண்டும் 'ஸ்விட்ச் ஆன்' செய்துவிடலாம். 'லாக் அவுட்' செய்ததைச் சாவி வைத்திருப்பவர் மட்டுமே இயக்க முடியும். கோபுரத்தின் உச்சியில் ஒருவர் வேலை செய்ய, கீழே நிற்பவருக்கு அவர் கண்ணில் படாத நிலையில், இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் சாதாரணமானதன்று. தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் பயின்று இத்தகைய பணிகளுக்குச் செல்லும் இளைஞருக்கு, தொடர்வினை மொழியலங்காரம் அன்று, பாதுகாப்புக் கவசம்.

வேறு வகை இழப்பும் உண்டு. கல்லூரிப் படிப்பை முடித்தேன் என்பதற்கு நம் இளைஞர்கள் 'பாஸ் அவுட்' என்கிறார்கள். இந்தியாவில் அது அனைவருக்கும் விளங்கும். அமெரிக்கரோ பிரிட்டானியரோ முதலில் புரிந்துகொள்வது, 'மயங்கி விழுந்தேன்' என்றுதான். 'ரன்-அவுட்' என்றால் நமக்குக் கிரிக்கெட். டீசல் 'ரன் அவுட்' ஆகிவிட்டது என்றால், தீர்ந்துவிட்டது என்று பொருள். நேர்காணலிலோ வெளிநாட்டு அலுவலகத்துடனான தொலைபேசி உரையாடலிலோ திறமையுள்ளவர் தடுமாறுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

இதற்கான திறவுகோல் நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. 'சொல்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். சொல்லிக்கொடு என்றால் கற்பி. சொல்லிப்பார் என்றால் இணங்குகிறாரா என்று முயன்று பார். சொல்லிவை என்றால் முன்கூட்டியே தெரிவித்து ஏற்பாடு செய். சொல்லிக்கொண்டு புறப்படு என்றால் விடைபெற்றுப் போ. கொடுத்தல், பார்த்தல், வைத்தல், கொள்ளுதல் ஆகிய எதுவும் அங்கே நேர்ப்பொருளில் நடைபெறவில்லை. தமிழ் கற்க வரும் அயல்நாட்டவர் இந்த இடத்தில் திணறுகிறார். நம் வீட்டுக் குழந்தையோ பள்ளிக்குச் செல்லும் முன்பே இதைப் பிழையின்றிக் கையாள்கிறது. ஆங்கிலம் வினையோடு சிறுசொல்லைச் சேர்க்கிறது. தமிழ் வினையோடு வினையைச் சேர்க்கிறது. வழி வேறு, உத்தி ஒன்றே.

சில இடங்களில் இரு மொழிகளும் வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி வருகின்றன. 'புட்' என்றால் போடு. 'ஆஃப்' என்றால் விலகி, தள்ளி. 'புட் ஆஃப்' என்பது நம் தள்ளிப்போடு அன்றி வேறென்ன? 'ஃபைண்ட்' என்றால் காண். 'ஃபைண்ட் அவுட்' என்றால் கண்டுபிடி. 'லுக்' என்றால் பார். 'லுக் ஆஃப்டர்' என்றால் பார்த்துக்கொள். 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடு. 'பிரேக்' என்றால் உடை. துயரம் தாளாமல் ஒருவர் 'பிரேக் டவுன்' ஆனார் என்றால், உடைந்துபோனார். இந்த இணைகளை ஒருமுறை கண்டுகொண்ட மாணவருக்கு மனப்பாடத்தின் சுமை பாதி குறைந்துவிடும்.

சிறுசொற்களுக்கும் ஓரளவு ஒழுங்கு உண்டு. 'அப்' பல இடங்களில் முழுமையைக் குறிக்கிறது: 'ஈட் அப்', 'யூஸ் அப்' ஆகியவற்றில் அது நம் தின்றுவிடு, தீர்த்துவிடு என்பவற்றில் வரும் 'விடு'வின் வேலையைச் செய்கிறது. 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டும்: 'கேரி ஆன்' என்றால் செய்துகொண்டே இரு. 'டவுன்' குறைதலையும் நிற்றலையும் காட்டும்: 'ஸ்லோ டவுன்', 'ஷட் டவுன்'. இவை முழுமையான விதிகள் அல்ல. படிவத்தை நிரப்புதற்கு 'ஃபில் இன்' என்றும் சொல்லலாம், 'ஃபில் அவுட்' என்றும் சொல்லலாம். 'டர்ன் டவுன்' என்றால் வானொலியின் ஒலியைக் குறைத்தலும் ஆகும், ஒருவரது வேண்டுகோளை மறுத்தலும் ஆகும். பொருளைத் தீர்மானிப்பது சூழலே.

இலக்கணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2015-இல் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கக் கோரி மத்திய அரசு நடத்திய இயக்கத்தின் பெயர் 'கிவ் இட் அப்'. 'கிவ் அப் இட்' என்று அது அமையவில்லை. பிரிக்கத்தக்க தொடர்வினைகளில் 'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் நடுவில்தான் வர வேண்டும். 'லுக் ஆஃப்டர்' போன்றவையோ பிரியா. அங்கே பிரதிப்பெயர் இறுதியிலேயே வரும். புதிய தொடர்வினை ஒன்றைக் கற்கும்போதே அது பிரியுமா, பிரியாதா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

இன்று நம் பள்ளிகளில் தொடர்வினை என்பது பெரும்பாலும் பொதுத்தேர்வின் ஒரு மதிப்பெண் வினா. இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள் என்ற நீண்ட பட்டியல், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிறது. ஒரே வினையின் இருபது தொடர்களை ஒருசேரக் கற்பித்தால் ஒன்றோடொன்று குழம்பும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அதற்கு மாற்றாக, சூழலை அடிப்படையாகக் கொள்ளலாம். மின்வாரியத்தின் 'ஷட்-டவுன்', மருத்துவமனையின் 'செக்-அப்', பேருந்தின் 'பிரேக்-டவுன்', தொழிற்சாலையின் 'லே-ஆஃப்' என நாள்தோறும் நம் நாவில் புழங்கும் சொற்களிலிருந்தே வகுப்பைத் தொடங்கலாம். இவை பெயர்ச்சொற்களாக நமக்குத் தெரியும்; வினையாக வாக்கியத்தில் அமைத்துக் காட்டுவது மட்டுமே மீதி. அடுத்து, அந்தந்த ஊரின் தொழிலுக்கு ஏற்ற பத்துப் பதினைந்து தொடர்களைச் சேர்க்கலாம். ஆரல்வாய்மொழிக்குக் காற்றாலை என்றால், தூத்துக்குடிக்குத் துறைமுகம், திருப்பூருக்குப் பின்னலாடை.

வாரத்துக்கு ஐந்து தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் தன் வாழ்விலிருந்து ஒரு வாக்கியம், அருகில் அதற்கு இணையான தமிழ்க் கூட்டுவினை: ஒரு மாணவர் இதை ஓராண்டு தொடர்ந்தால் அன்றாட ஆங்கிலத்துக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி கைவந்துவிடும். ஆங்கிலம் கற்பதற்குத் தமிழ் தடை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தள்ளிப்போடுதலையும் விட்டுக்கொடுத்தலையும் பேச்சில் இயல்பாக ஆளும் ஒருவருக்கு, ஆங்கிலம் தன் கடினமான வாயில் என்று வைத்திருக்கும் இடம் முன்பே பாதி திறந்திருக்கிறது. ஆங்கில வகுப்பறைக்குள் தமிழை அழைத்து வந்தால் மீதியையும் திறந்துவிடலாம்.