ஓடினால் தொப்பை குறையுமா? முதல் பந்தயத்திற்குத் தயாராவோர் பார்க்க வேண்டிய கணக்கு

"டாக்டர், ஓடினால் தொப்பை குறையுமா?" முதன்முறையாக 10 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. குறையும் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், பத்து வாரம் வியர்வை சிந்த ஓடிய பிறகும் கால்சட்டையின் இடுப்பளவு அப்படியே இருக்கிறதே என்று மனம் சோர்ந்து போகிறவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், பந்தயத்திற்கு முன் பத்துக் கிலோ குறைத்தே தீருவது என்று இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டு, மறுநாள் காலை பூங்காப் பாதையில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுபவர்களும் உண்டு. இரு சாராருமே ஒரு சிறிய கணக்கைப் பார்க்கத் தவறியவர்கள்தாம்.

ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால், அவருடைய உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350 கலோரி. வாரத்திற்கு மூன்று நாள் ஓடினால் 1,050 கலோரி. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. சாப்பாட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் ஓட்டத்தை மட்டும் நம்பினால், ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏழு வாரத்திற்கு மேல் ஆகும். அதுவும், "இன்றுதான் ஓடிவிட்டோமே" என்று திரும்பும் வழியில் கோப்பிக்கடையில் இரண்டு பராட்டாவும் ஒரு தே தாரேயும் வாங்காமல் இருந்தால்!

அந்தத் தே தாரேயையே எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கெட்டிப்பாலில் சுமார் 320 கலோரி இருக்கிறது. ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் அளவுக்குக் கெட்டிப்பால் ஊற்றினால், அது மட்டுமே ஏறக்குறைய 130 கலோரி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று குவளை குடிப்பவர், 5 கிலோமீட்டர் ஓடிச் செலவழித்ததைவிட அதிகமாகவே அன்றாடம் குடித்து முடித்துவிடுகிறார். வயிறும் நிறைவதில்லை. கடைக்காரரிடம் "தே ஓ கோசோங்" என்று கேட்டுப் பழகுவது, வாரத்திற்கு மூன்று நாள் ஓடுவதைவிட எடைக் குறைப்பில் அதிகப் பலன் தரக்கூடும். ஓட்டக்காரர்களுக்கு இது சற்று எரிச்சலூட்டும் உண்மைதான். சிங்கப்பூரில் பொட்டலப் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் தயாரித்துத் தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் 'நியூட்ரி-கிரேட்' என்ற தரக் குறியீடு நடப்புக்கு வந்துள்ளது. சி, டி என்ற எழுத்துகளைக் கண்டால் சர்க்கரையோ நிறைவுற்ற கொழுப்போ அதிகம் என்று பொருள். ஓடுவோருக்கென்று விற்கப்படும் பானங்களும் இதற்கு விலக்கல்ல. 6 விழுக்காடு சர்க்கரை உள்ள 500 மில்லிலிட்டர் போத்தலில் 30 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு மணி நேரத்திற்குட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீரே போதும்.

அப்படியானால் ஓடுவதால் பயனில்லையா? அப்படி நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் தராசைவிட அளவுநாடா முக்கியமாகிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு ஒரு வகை. வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பு இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் இன்சுலின் சரிவர வேலை செய்ய விடாமல் தடுத்து நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவிடுகிறது. ஒழுங்காக ஓடி வந்தால், எடை அவ்வளவாகக் குறையாவிட்டாலும் இந்த உட்கொழுப்புக் குறைகிறது.

இந்தியர்களுக்கு இது கூடுதல் கவலைக்குரிய செய்தி. அதே உயரம், அதே எடை உள்ள ஐரோப்பியரைவிட இந்தியரின் உடலில் கொழுப்பின் பங்கு பொதுவாக அதிகம். அதனால்தான் சிங்கப்பூரில் உடற்பருமன் குறியீடு 25ஐத் தொடும்வரை காத்திராமல், 23லிருந்தே எச்சரிக்கிறார்கள், 27.5க்கு மேல் போனால் ஆபத்து அதிகம் என்கிறார்கள். இடுப்பளவில் ஆசிய ஆடவருக்கு 90 சென்டிமீட்டர், பெண்டிருக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோதும், இந்தியர்களிடையே அந்நோய் சீனர்களைவிட அதிகமாகவே காணப்பட்டது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பதை 'வயதானால் அப்படித்தான்' என்று வீட்டில் சிரித்து விட்டுவிடுகிறோம். விட்டுவிடக் கூடிய விஷயமல்ல அது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

கொழுப்புக் கரைகிறது என்கிறோமே, கரைந்து எங்கே போகிறது? வியர்வையாக வழிகிறது என்றே பலரும் நம்புகிறார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, 10 கிலோ கொழுப்புக் கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகி மூச்சு வழியே வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோதான் நீராகிறது. வியர்வை என்பது உடலைக் குளிர்விக்கும் வேலைக்கு மட்டுமே. ஆகவே, பிளாஸ்டிக் மேலங்கி போட்டுக்கொண்டு ஓடுவதால் போவது தண்ணீர்தான். ஒரு குவளை குடித்ததும் அது திரும்ப வந்துவிடும். விடியற்காலையிலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் நம் ஊரில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அதற்கு மேலும் ஓர் உறையைப் போர்த்திக்கொண்டால் உடல் வெப்பம் ஏறி மயக்கத்தில், சில வேளை உயிருக்கே ஆபத்தில் கொண்டுபோய் விடும். படுத்தெழும் பயிற்சியால் வயிற்றுத் தசை உறுதியாகும், சரி. அதன்மேல் இருக்கும் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

உணவில் எவ்வளவு குறைக்கலாம்? நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை. வாரத்திற்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டியதில்லை. அதைவிட அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் கரையும். கால் எலும்பிலும் தசைநாரிலும் வலி தொடங்கும். பெண்களுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போகலாம், நின்றும்விடலாம். அது உடல் கொடுக்கும் எச்சரிக்கை. குறைப்பதை ஓய்வு நாள்களில் குறைக்க வேண்டும். நீண்ட தூரம் ஓடும் நாளில் சோற்றைக் குறைப்பது, எண்ணெய் போடாமல் வண்டி ஓட்டுவது போன்றது. அன்று ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ உண்டு கிளம்பலாம். வெறும் வயிற்றில் ஓடினால் அந்த நேரத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதலாக எரியும் என்பது உண்மை. ஆனால் நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் எடைக் குறைப்பில் வேறுபாடு தெரிவதில்லை.

குறைக்கக் கூடாத ஒன்று புரதம். பயிற்சியில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 84 கிராமுக்குக் குறையக் கூடாது. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். காலையில் தோசை, பகலில் சோறும் குழம்பும், இரவில் மீகூன் என்று முடித்துக்கொள்ளும் சைவக்காரர்கள் இதில் பாதியை எட்டுவதே கடினம். பருப்பு, தயிர், தவு, தெம்பே ஆகியவற்றை வேண்டுமென்றே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடையும் ஓட்டமும் மாறி மாறித் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தூரத்தைக் கூட்டலாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சுத் திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிப்பிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள், உணவையும் குறைத்து ஓடவும் தொடங்கினால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்த பிறகே தொடங்க வேண்டும். ஓடும்போது சட்டைப்பையில் மிட்டாய் இருக்க வேண்டும். மூச்சடைப்பும் நெஞ்சில் அழுத்தமும் தோன்றினால் அன்றைய ஓட்டம் அத்தோடு நிற்க வேண்டும். வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

பந்தயத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது எடைக் குறைப்பை நிறுத்திவிடலாம். அந்நாள்களில் தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினாலும் பதற வேண்டாம். தசையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பந்தயத்தன்று அது தேவைப்படும். பதக்கம் வாங்கிய அடுத்த வாரம்தான் உண்மையில் கவனிக்க வேண்டிய வாரம். ஓட்டம் நின்றுவிடும், பழகிய பசி நிற்காது. அந்த வாரமும் இரண்டு நாளாவது காலணியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, 20 நிமிடம் மெதுவோட்டம் ஓடிவிட்டு வரலாம்.