பல்லினவளைய மூலக்கூறுகளில் தேர்திற மாற்றம்: ஐசோநியாசிடும் சென்னைச் சேத்துப்பட்டு ஆய்வுகளும்

முன்னுரை

கார்பனோடு நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இடம்பெறும் வளையத்தைக் கொண்டவை பல்லினவளைய மூலக்கூறுகள். இன்றைய மருந்துகளுள் பெரும்பகுதி இவ்வகையைச் சார்ந்தது. மூலக்கூறின் பிற பகுதிகளைச் சிதைக்காமல், வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் வேதிமாற்றத்தை நிகழ்த்துவது தேர்திற மாற்றம் எனப்படும். இம்மாற்றம் ஆய்வகத்தோடு முடிவதில்லை, நோயாளியின் உடலிலும் தொடர்கிறது என்பதைக் காசநோய் மருந்தான ஐசோநியாசிடைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வளையத்தில் இடத்தின் பங்கு

ஐசோநியாசிடின் அடிப்படை பிரிடின் வளையம். இதிலுள்ள நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்ப்பதால் 2, 4, 6 ஆகிய இடங்களில் எலக்ட்ரான் செறிவு குறைகிறது. எனவே எலக்ட்ரான் கவர் காரணிகள் 3ஆம் இடத்தையே நாடுகின்றன. ஆனால் ஐசோநியாசிடுக்கு 4ஆம் இடத்தில் ஹைட்ரசைடு தொகுதி தேவை. ஆகவே, அவ்விடத்தில் முன்பே மெத்தில் தொகுதியைக் கொண்ட 4-மெத்தில்பிரிடினிலிருந்து தொடங்குவது ஒரு வழியாகும். மெத்தில் தொகுதி ஆக்சிஜனேற்றத்தால் அமிலமாகவும், அமிலம் எஸ்டராகவும், எஸ்டர் ஹைட்ரசீனுடன் வினைபுரிந்து ஹைட்ரசைடாகவும் மாறுகின்றன. வளையம் இறுதிவரை மாறுவதில்லை.

மேயர், மாலி ஆகியோர் 1912இல் பிராகில் தயாரித்த இச்சேர்மத்தின் காசநோய் எதிர்ப்பாற்றல் 1952இல்தான் வெளிப்பட்டது. அதே தொகுதி 3ஆம் இடத்தில் அமைந்தால் ஆற்றல் பெரிதும் குறைகிறது. காசநோய் நுண்ணுயிரியின் நொதியொன்று ஹைட்ரசைடு தொகுதியைப் பிளந்து மருந்தைச் செயலூக்கம் பெறச் செய்கிறது. அதன் விளைவாக நுண்ணுயிரியின் செல்சுவருக்குத் தேவையான மைக்கோலிக் அமிலத்தின் உற்பத்தி தடைப்படுகிறது.

சேத்துப்பட்டு ஆய்வுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஐசோநியாசிடையும் பாஸ் மருந்தையும் ஓராண்டு வீட்டிலிருந்தே உட்கொண்டோர், காசநோய் மருத்துவமனையில் தங்கியோருக்கு இணையாகக் குணமடைந்ததை 1959இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது.

இம்மையத்தின் தொடர் ஆய்வுகள் மற்றொரு சிக்கலையும் ஆராய்ந்தன. கல்லீரல் நொதி, ஹைட்ரசைடு தொகுதியின் கடைநிலை நைட்ரஜனை மட்டும் அசெட்டைலேற்றம் செய்து மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது. மரபுவழியாகச் சிலரிடம் இவ்வினை விரைவாகவும் சிலரிடம் மெதுவாகவும் நிகழ்கிறது. ஐசோநியாசிடும் ஸ்ட்ரெப்டோமைசினும் வாரம் இருமுறை அளிக்கப்பட்டபோது இவ்வேறுபாடு சிகிச்சையைப் பெரிதும் பாதிக்கவில்லை. வாரம் ஒருமுறை மட்டும் அளிக்கப்பட்டபோதோ, விரைவு வகையினர் குணமடைவதில் பின்தங்கினர்.

முடிவுரை

மருந்துக்கு ஆற்றல் தரும் தொகுதியே உடலின் தாக்குதலுக்கும் இலக்காகிறது. ஆகவே, புதிய பல்லினவளைய மருந்தை வடிவமைப்போர் எந்த இடத்தில் மாற்றத்தை நிகழ்த்த இயலும் என்பதோடு, அவ்விடத்தை உடல் எவ்வாறு மாற்றும், அது மக்களிடையே எவ்வளவு வேறுபடும் என்பனவற்றையும் தொடக்கத்திலேயே ஆராய்தல் வேண்டும்.