தொழுகை நேரம் சொல்ல உங்கள் இருப்பிடம் எதற்கு?

திருகோணமலைப் பக்கத்திலுள்ள தோப்பூரில் பல வீடுகளில் சுபஹுக்கு முதலில் பாங்கு சொல்வது பள்ளிவாசல் அல்ல, தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் போன். அது சொல்லி இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் பள்ளி ஒலிபெருக்கி கரகரக்கும். “போன் பாங்கு கணக்கில்லை, பள்ளிப் பாங்குதான் கணக்கு” என்பார்கள் மூத்தவர்கள். நோன்பு காலத்தில் இந்த இரண்டு நிமிடத்துக்காக ஸஹர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வாக்குவாதமே நடக்கும். நான் மூத்தவர்கள் பக்கம். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் சொல்ல வருவது போனைப் பற்றி.

தொழுகை நேர அப் ஒன்றை இறக்கியதும் அது கேட்கும் முதல் கேள்வி, உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி உண்டா என்பது. யாரும் யோசிப்பதில்லை. நேரம் சொல்ல ஊர் தெரியவேண்டும், கிப்லா காட்டத் திசை தெரியவேண்டும், அல்லாஹ்வுடைய காரியத்துக்குத்தானே கேட்கிறது என்று அனுமதியை அழுத்திவிடுகிறோம்.

2020 நவம்பரில் அமெரிக்க இணைய இதழான ‘மதர்போர்ட்’ ஒரு செய்தி வெளியிட்டது. உலகம் முழுவதும் 9 கோடி 80 இலட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டிருந்த ‘முஸ்லிம் ப்ரோ’ அப், பாவனையாளர் நிற்கும் இடத்தை ‘எக்ஸ்-மோட்’ என்ற கம்பனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கூடவே போன் எந்த மாடல், எந்த வைஃபையில் இணைந்திருக்கிறது, நேரம் என்ன என்பதும் போனது. எக்ஸ்-மோட்டின் தொழிலே இப்படி வரும் இருப்பிடத் தரவை வாங்கி விற்பதுதான். அதனிடம் வாங்கியவர்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்தக் கம்பனிகளும் இருந்தன. செய்தி வந்ததும் முஸ்லிம் ப்ரோ அந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. இராணுவத்துக்குத் தான் நேரடியாக விற்கவில்லை என்றும் சொன்னது. நேரடியாக விற்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். நெல்லை ஆலைக்காரருக்கு விற்றவர், அரிசியை யார் தின்றார் என்று தனக்குத் தெரியாது என்று சொல்லலாம்தானே.

அந்த டிசம்பரிலேயே அப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட்டின் நிரலை நீக்கும்படி அப் தயாரிப்பாளர்களுக்குக் கட்டளையிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு, வைத்தியசாலை, வணக்கத்தலம் போன்ற இடங்களுக்கு மக்கள் போய்வருவதைக் காட்டும் தரவை எக்ஸ்-மோட் விற்கக்கூடாது என்று தடைவிதித்தது. செய்தி வெளிவந்து மூன்று வருடத்துக்கு மேல் கழித்து வந்த தீர்வு அது.

ஒரு கம்பனி செய்த ஒரு தடவைத் தவறு என்று விட்டுவிடலாம் என்றால், 2022 ஏப்ரலில் அடுத்தது வந்தது. பனாமாவில் பதிவான ‘மெஷர்மென்ட் சிஸ்டம்ஸ்’ என்ற கம்பனியின் நிரல் ஒளிந்திருந்த அப்களை கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பட்டியலில் ‘அல் மோஅஸின் லைட்’ என்ற தொழுகை நேர அப்பும், ‘கிப்லா கொம்பஸ் - ரமழான் 2022’ என்ற அப்பும் இருந்தன. முதலாவதை மட்டும் ஒரு கோடி தடவைக்கு மேல் இறக்கியிருந்தார்கள். அந்த நிரல் துண்டு சில அப்களில் இருப்பிடத்தையும் போன் இலக்கத்தையும், நாம் ‘கொப்பி’ செய்து வைத்ததையும்கூட அள்ளியது. கொப்பி செய்தது எதுவாகவும் இருக்கலாம், வங்கிக் கடவுச்சொல் உட்பட.

நிரல் துண்டு உள்ளே வருவது எப்படி? அப்பைச் செய்பவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. விளம்பரம் காட்ட ஒரு துண்டு, பாவனையைக் கணக்கெடுக்க ஒரு துண்டு என்று அடுத்தவர் எழுதியதை எடுத்துப் பொருத்துவார். சில துண்டுகளைப் பொருத்தினால் பாவனையாளர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். அப்புக்கு நாம் கொடுத்த அனுமதி அந்தத் துண்டுக்கும் சேர்த்துத்தான். விருந்தாளியை உள்ளே விட்டோம், அவர் கூட்டிவந்தவர் யார் என்று கேட்கவில்லை.

“தரவில் பெயர் இல்லை, வெறும் இலக்கம்தான்” என்று கம்பனிகள் சமாதானம் சொல்லும். ஒவ்வொரு போனுக்கும் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு; விற்கப்படுவது அந்த எண்ணோடு சேர்ந்த இடமும் நேரமும். இரவில் அந்தப் போன் கிடக்கும் இடம் வீடு. காலையில் போய் நிற்பது வயல், அல்லது கடை, அல்லது பாடசாலை. வெள்ளிக்கிழமை மதியம் நிற்பது பள்ளிவாசல். தோப்பூர் அளவான ஊரில் இத்தனையும் தெரிந்தபின் ஆளைக் கண்டுபிடிக்க விதானையார் தேவையில்லை.

ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி எனக்கு விசித்திரமாகப் படுகிறது. எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்குச் சோதனைச் சாவடியில் வெயிலில் நின்று பதில் சொன்ன தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 2006 ஒகஸ்டில் சண்டை மூண்டபோது மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் உடுத்த உடுப்போடு கந்தளாய்ப் பக்கம் ஓடியவர்களுக்கு, யார் எங்கே நிற்கிறார் என்ற தகவலின் பெறுமதி தெரியும். இன்ன இனம், இன்ன மதம் என்ற அடையாளம் இணையத்தில் ஏறினால் என்ன நடக்கும் என்பதை 2018 மார்ச்சில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் பார்த்தோம். அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்க 2020 மே வரை ஆனது.

இனி இரண்டு நிமிட வாக்குவாதத்துக்கு வருவோம். சூரியன் ஒரு பாகை தீர்க்கரேகையைக் கடக்க நான்கு நிமிடம் எடுக்கும். எங்கள் பகுதியில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110 கிலோமீற்றர். தோப்பூருக்கும் குடாவுக்கு அக்கரையிலுள்ள திருகோணமலை நகரத்துக்கும் கிழக்கு மேற்காகப் பார்த்தால் 10 கிலோமீற்றர் அளவுதான். நேர வித்தியாசம் அரை நிமிடம்கூட வராது. ஆகவே அப்பில் இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு ‘திருகோணமலை’ என்று கையால் ஊரைத் தெரிவு செய்தால், தோப்பூருக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும். எந்தத் தெருவில் எந்த வீட்டில் நிற்கிறீர்கள் என்று தெரிந்து அப் பெறும் இலாபம் தொழுகை நேரத்துக்கானதல்ல.

அப்படியானால் போனுக்கும் பள்ளிக்கும் ஏன் வித்தியாசம்? கணக்கு முறையால். சுபஹுக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கவேண்டும் என்பதில் முறைக்கு முறை மாற்றம் உண்டு. அஸருக்கு ஷாஃபி, ஹனஃபி கணக்குகள் வேறு. தவறானதைத் தெரிவு செய்தால் அஸர் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிந்திவிடும். இருப்பிடத்தை அங்குலக் கணக்கில் கொடுத்தாலும் இந்தப் பிழை தீராது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் நேர அட்டவணை பள்ளிச் சுவரில் தொங்குகிறது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் டேட்டா இல்லாத இடத்திலும் உதவும். கிப்லாவும் அப்படித்தான்: எங்கள் பகுதியிலிருந்து மேற்குக்கு வடக்கே ஏறத்தாழ 23 பாகை. அது நாளுக்கு நாள் மாறப்போவதில்லை. வீட்டில் ஒரு தடவை பார்த்துச் சுவரில் அடையாளம் வைத்தால் போதும்.

அப் வேண்டாம், உலாவியிலேயே நேரத்தைப் பார்க்கலாமே என்று கேட்டால், நல்லது என்பேன். குர்ஆன் விளக்கம், பஸ் நேரம், நெல் விலை எதுவானாலும் உலாவியில் கிடைத்தால் அப் இறக்காதீர்கள் என்பது என் பொதுவான கட்சி. இணையப் பக்கத்தை மூடினால் அதன் கதை பெரும்பாலும் முடிந்தது. அப் பின்னணியில் விழித்திருக்கும். அனுமதி கொடுத்தால் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எட்டும்.

ஆனால் உலாவியும் தர்மத்துக்கு ஓடுவதில்லை. அன்ட்ராய்ட் போனோடு வரும் குரோம் ஒரு விளம்பரக் கம்பனியின் பொருள். தன் தேடுபொறியை மற்றவர்களின் போன்களிலும் உலாவிகளிலும் முதலிடத்தில் வைக்க 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டொலர் கொடுத்ததாக அமெரிக்க நீதிமன்ற வழக்கில் தெரியவந்தது. 2024 ஒகஸ்டில் அதே வழக்கில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாகத் தீர்ப்பானது. இலவசமாகத் தரும் பொருளை நம் கண்முன் வைக்க இவ்வளவு செலவழிப்பவர் அதை எங்கிருந்தோ திருப்பி எடுக்கத்தானே வேண்டும்.

குரோமின் ‘மறைநிலை’ ஜன்னலை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். கறுப்புத் திரை, தொப்பி கண்ணாடிப் படம், எல்லாம் மறைந்ததுபோல் ஒரு தோற்றம். அது மறைப்பது அதே போனை அடுத்து எடுக்கும் ஆளிடமிருந்து மட்டும். வீட்டில் தம்பி பார்க்கமாட்டான், அவ்வளவுதான். மறைநிலையிலும் தரவு சேர்த்ததாக 2020இல் அமெரிக்காவில் போடப்பட்ட வழக்கை கூகுள் சமரசம் செய்துகொண்டது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவும், விளக்க வாசகத்தைத் திருத்தவும் 2024இல் ஒப்புக்கொண்டது.

2025 ஜூனில் வெளிவந்தது இன்னும் மோசம். அன்ட்ராய்ட் போனில் பேஸ்புக் அல்லது இன்ஸ்டகிராம் அப் இருந்தால், உலாவியில் நாம் பார்க்கும் தளங்களில் மெட்டா கம்பனி வைத்திருக்கும் நிரல், போனுக்குள்ளேயே அந்த அப்போடு இரகசியமாகப் பேசியது. மறைநிலையில் பார்த்தாலும், குக்கிகளை அழித்தாலும், பார்த்தவர் இன்னார் என்று பேஸ்புக் கணக்கோடு முடிச்சுப் போட வழியிருந்தது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்திய அன்றே மெட்டா நிறுத்தியது. குரோமும் பயர்பொக்ஸும் ஓட்டையை அடைக்கும் மாற்றங்களைச் செய்தன. பிரேவ் உலாவியில் முன்பே அந்த வழி அடைபட்டிருந்தது. இதைப் படித்த பிறகு நான் பேஸ்புக் அப்பை நீக்கிவிட்டு உலாவியிலேயே பார்க்கிறேன். கொஞ்சம் மெதுவாக வரும், பரவாயில்லை. பயர்பொக்ஸையோ பிரேவையோ வைத்துக்கொள்ளச் சொல்வேன். பயர்பொக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்த வியாபாரத்தில் முழுச் சுத்தமானவர் என்று எவரையும் காட்ட எனக்குத் தெரியாது. டேட்டா மிச்சம் பிடிக்க ஒபெரா மினி வைத்திருப்பவர்கள் அதில் வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம்: அதிகம் மிச்சம் பிடிக்கும் முறையில் பக்கங்கள் ஒபெராவின் கணனிகளில் சுருக்கப்பட்டு, அதன் வழியாகத்தான் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஒகஸ்டில் அதை அடிப்படை உரிமை என்று தீர்த்துவிட்டது. எங்களிடம் இருப்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். காகிதத்தில் நல்ல சட்டம். மத நம்பிக்கையை வெளிக்காட்டும் தரவை அது விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்க்கிறது; தொழுகை அப்பின் தரவு அதற்குள் வரும் என்பது என் வாசிப்பு. கம்பனி வெளிநாட்டில் இருந்தாலும், இலங்கையில் உள்ளவர்களின் நடத்தையைக் கண்காணித்தால் சட்டம் அதற்கும் பொருந்தும். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்க, கொடுத்த சம்மதத்தை மீளப்பெற, பிழையைத் திருத்த, அழிக்கச் சொல்ல அது உரிமை தருகிறது. நிறைவேறியபோது தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய்வரை என்று எழுதினார்கள்.

தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை 2023இல் அமைத்தார்கள். உரிமைகள் பற்றிய முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்தத் திகதி நீக்கப்பட்டு, அமைச்சர் வர்த்தமானியில் குறிக்கும் திகதி என்று மாற்றப்பட்டது. கம்பனிகளுக்கும் அரச அலுவலகங்களுக்கும் ஆயத்தமாக அவகாசம் போதவில்லையாம். மூன்று வருட அவகாசம் கொடுத்த பிறகு கேட்ட சாட்டு இது.

அதற்காகச் சும்மா இருக்கவேண்டியதில்லை. போனின் ‘செட்டிங்ஸ்’ போய் ‘லொகேஷன்’ பகுதியைத் திறந்தால் இருப்பிடம் கேட்கும் அப்களின் பட்டியல் வரும். ‘எப்போதும்’ என்று இருப்பவற்றை மறுத்துவிடுங்கள். வரைபடத்துக்கும் வாடகை வண்டி அப்புக்கும் ‘பாவிக்கும்போது மட்டும்’ போதும். புதிய அன்ட்ராய்ட் போன்களில் துல்லிய இருப்பிடத்தை அணைத்து, ஏறத்தாழ என்ற அளவில் கொடுக்கலாம். ‘பிரைவசி’ பகுதியில் விளம்பரங்கள் என்பதற்குள் போனால் விளம்பர அடையாள எண்ணை நீக்க வழி இருக்கும். ஐபோனில், பின்தொடரலாமா என்று அப் கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்தினால் அதே வேலை. பிளே ஸ்டோரில் ‘தரவுப் பாதுகாப்பு’ என்று ஒவ்வொரு அப்புக்கும் கீழே ஒரு பட்டியல் உண்டு. வாசியுங்கள், ஆனால் அது தயாரிப்பாளர் தானே நிரப்பிய படிவம் என்பதை மறக்காதீர்கள். அப்பை நீக்குமுன் அதற்குள்ளேயே கணக்கை அழிக்கவேண்டும். நீக்கினால் அப் போகும், கணக்கும் சேர்த்த தரவும் அங்கேயே கிடக்கும்.

கணக்கை யாராவது பறித்தால், போலிக் கணக்கு முளைத்தால் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம். பணம் போயிருந்தால் முதலில் வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துங்கள், பிறகு பொலிஸ். பெண்கள் அந்தரங்கப் படம் வைத்து மிரட்டப்பட்டால் 1938 இலக்கத்துக்கு அழைக்கலாம். மிரட்டியவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். செய்திகளையும் அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி.

இன்று இஷாவுக்குப் பிறகு வீட்டிலுள்ள போன்களை, உம்மாவின் போனையும் சேர்த்து, ஒரு தடவை திறந்து பாருங்கள். தேர்தலுக்கு வீதி, குடிநீர், யானை வேலி என்று வாக்குறுதி கொண்டு தோப்பூருக்கு வருகிறவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 2022இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமைப் பகுதிக்கு வர்த்தமானியில் திகதி போட்டாயிற்றா?