பங்கு முதலீடும் தானியங்கு எச்சரிக்கைகளும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கிய பின்னர், ஆழிப்பேரலை கல்முனைக் கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றது. அவ்விடைவேளையில் எவ்வித எச்சரிக்கையும் கரையோர மக்களை எட்டவில்லை. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் மீண்டும் அத்திசையில் பெருநடுக்கம் நிகழ்ந்தது. அன்று எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையைவிட்டு அகன்றனர், பேரலை வரவில்லை. ஆபத்து வருங்கால் வாளாவிருத்தல், வாராதபோது ஒலித்தல் என்னும் இவ்விரு குறைகளும் எச்சரிக்கைக் கருவி அனைத்துக்கும் பொதுவாம். பங்கு முதலீட்டாளர் இன்று பயன்படுத்தும் தானியங்கு எச்சரிக்கையும் இதற்கு விலக்கன்று.

விலைச் செய்தியை விரைந்தறியும் வேட்கை புதியதன்று. 1867ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கில் தந்திக் கம்பிவழி பங்கு விலைகளைத் தாள்நாடாவில் அச்சிடும் பொறி தோன்றிற்று. இலங்கையில் 1896ஆம் ஆண்டளவில் தோட்டக் கம்பனிகளின் பங்குகளோடு தொடங்கிய வணிகம், 1985இல் கொழும்புப் பங்குச் சந்தையாக நிலைபெற்றது. 1997இல் வணிகம் கணனிவழித் தானியங்கு முறைக்கு மாறியது. 2020இல் கையடக்கத் தொலைபேசிச் செயலி வாயிலாகக் கணக்குத் திறக்கும் வசதியும் ஏற்பட்டது. இதனால் தலைநகருக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மருதமுனையிலோ நிந்தவூரிலோ இருக்கும் ஓர் ஆசிரியரும் தம் பங்குகளின் ஏற்ற இறக்கத்தை அக்கணமே அறியலாம்.

இனி, எச்சரிக்கை தோன்றுமாற்றை நோக்குவோம். முதலீட்டாளர் முன்னரே ஓர் எல்லையை வகுக்கின்றார். விலை அதனைக் கடந்ததும் கணனி செய்தி அனுப்புகின்றது. அவ்வெல்லை ஒரு குறித்த விலையாகவோ, பல நாள் விலைகளின் நகரும் சராசரியாகவோ இருக்கலாம். ஓர் உதாரணம் காண்க. ஒரு பங்கின் ஐந்து நாள் விலைகள் முறையே 50, 52, 51, 53, 54 ரூபா எனக் கொள்வோம். சராசரி 52. ஆறாம் நாள் விலை 46 ஆக வீழ்கின்றது. கடைசி ஐந்து நாட்களின் சராசரி 51.20. விலை சராசரிக்குக் கீழ் இறங்கியமையால் ‘விற்க’ என்னும் குறி எழும். ஏழாம் நாள் விலை 53 ஆக உயர, சராசரி 51.40 ஆகின்றது, ‘வாங்குக’ என்னும் குறி எழும். இரு குறிகளுக்கும் பணிந்தவர் பங்கொன்றுக்கு 7 ரூபாவையும் இருமுறைத் தரகுக் கட்டணத்தையும் இழப்பார். ஐந்து நாட்களுக்குப் பதிலாக ஐம்பது நாட்களின் சராசரியைக் கொண்டால் இத்தகைய பொய்க்குறிகள் குறையும். ஆயின் மெய்யான வீழ்ச்சியும் காலந்தாழ்ந்தே தெரியவரும். கடற்கரையில் பொய்யெச்சரிக்கைக்கும் ஓடுதலே அறிவுடைமை. ஏனெனில் அங்கு இழப்பது சில மணி நேரமே. சந்தையிலோ ஒவ்வொரு பொய்யெச்சரிக்கைக்கும் விலை உண்டு.

வட்டியை விலக்கும் இஸ்லாமிய முதலீட்டாளருக்கு மற்றுமொரு வகை எச்சரிக்கை தேவைப்படுகின்றது. பஹ்ரெயினைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் கணக்கீட்டு, தணிக்கை அமைப்பு வகுத்த விதிகளுள் ஒன்றின்படி, கம்பனியின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 வீதத்தை விஞ்சலாகாது. கம்பனியொன்றின் கடன் 27 கோடி, சந்தை மதிப்பு 100 கோடி எனின் விகிதம் 27 வீதம். பங்கு விலை ஐந்திலொன்று வீழ்ந்தால் சந்தை மதிப்பு 80 கோடியாகும்; கடன் ஒரு ரூபாவும் கூடாதிருக்கவே விகிதம் 33.75 வீதமாகி எச்சரிக்கை எழும். கம்பனியின் ஒழுக்கம் மாறிற்றா, சந்தையின் மனநிலை மாறிற்றா என்பதைக் கருவி கூறாது. கணக்கறிக்கையைப் படிப்பவரே கூறவியலும்.

இனி, உரிய வேளையில் வந்த எச்சரிக்கையும் பயன்படாது போகும் நிலை உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது கொழும்புச் சந்தை ஏப்பிரல் 18 முதல் 22 வரை மூடப்பட்டிருந்தது. 25ஆம் நாள் திறந்தபோது, முதன்மையான இருபது கம்பனிகளின் சுட்டெண் 10 வீதத்துக்கு மேல் வீழ்ந்தமையால் அன்றைய வணிகமும் இடையில் நிறுத்தப்பட்டது. எச்சரிக்கை கையில் இருந்தும் விற்றற்கு வாயில் இல்லை. உடனடித் தேவைக்குரிய பணத்தைப் பங்குகளில் இட்டவரே அன்று பெரிதும் இடருற்றிருப்பர்.

ஆகவே, எல்லையை வகுக்கும்போதே மூன்று வினாக்களுக்கு விடை எழுதிவைத்தல் வேண்டும்: இப்பங்கை எதன்பொருட்டு வாங்கினேன்? எக்காரணம் மாறினால் விற்பேன்? விற்க இயலாத நாளில் என் குடும்பம் எதனால் வாழும்? இவற்றுக்கு விடையுடையார்க்குக் கருவி நல்லதோர் ஏவலாள். விடையில்லாதார்க்கு அஃது ஓயாது அச்சுறுத்தும் ஓசையே. எல்லை கடந்தது என்று சொல்வது கருவியின் தொழில். கடந்ததன் பொருளை ஆராய்வது நம் தொழில்.